ஈலி கல்பர்ட்சன்

ஈலி கல்பர்ட்சன் (ஜூலை 22, 1891 – டிசம்பர் 27, 1955) ஒப்பந்தப் பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஆவார். ருமேனியாவில் பிறந்த அமெரிக்கரான இவர் ஆட்டக்காரர், நூலாசிரியர், இதழாசிரியர், வணிகர் எனப் பல துறைகளில் விளங்கினார். வாழ்வின் பிற்பகுதியில் உலக அமைதிக்கான திட்டமொன்றை வகுத்து, அதற்காகத் தம் செல்வத்தையும் உழைப்பையும் செலவிட்டார். பிரிட்ஜ் ஆட்டத்தின் ஏலப் பகுதியை ஊகத்தில் இருந்து மீட்டு, இரு கூட்டாளிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் ஒழுங்கான மொழியாக மாற்றியதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. அம்மொழியின் நுட்பமான பகுதிகளுள் ஒன்று, ஸ்லாம் எனப்படும் பேரொப்பந்தங்களை எட்டுவதற்குப் பயன்படும் குறிப்புக் கேள்வி ஆகும். இது கியூ பிட் என்று வழங்கப்படுகிறது.

இளமை

கல்பர்ட்சன் ருமேனியாவில் உள்ள பொயானா வர்பிலாவு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அல்மன் கல்பர்ட்சன் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர். எண்ணெய்க் கிணறுகள் தோண்டும் தொழிலில் ஈடுபட்டவர். தாய் செனியா ரகோஸ்னயா ரஷ்யக் கோசாக் குடும்பத்தைச் சேர்ந்தவர். குடும்பம் காக்கேசியப் பகுதியில் எண்ணெய்த் தொழிலால் செல்வம் ஈட்டியது. கல்பர்ட்சனின் இளமை ரஷ்யாவிலும் ஐரோப்பிய நகரங்களிலும் கழிந்தது. பாரிசிலும் ஜெனீவாவிலும் அரசியல், பொருளியல் ஆகியவற்றைப் பயின்றார். பல ஐரோப்பிய மொழிகளைச் சரளமாகப் பேசக்கூடியவர்.

இளமையில் ரஷ்யப் புரட்சிக் குழுக்களோடு தொடர்பு கொண்டிருந்ததாகவும், அதனால் சிறை சென்றதாகவும் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். அந்நூல் 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம்மைப் பற்றிய கதைகளைப் பெருக்கிச் சொல்வதில் விருப்பம் கொண்டவராதலால், அந்நூலில் உள்ள இளமைக்கால நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை.

1917ஆம் ஆண்டின் ரஷ்யப் புரட்சிக்குப் பின் குடும்பத்தின் சொத்துக்கள் பறிபோயின. அதுவரை பொழுதுபோக்காக இருந்த சீட்டாட்டமே கல்பர்ட்சனின் பிழைப்பாயிற்று. பாரிசு முதலிய நகரங்களின் ஆட்டக் கழகங்களில் ஆடிக் கிடைத்த பணத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1921ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றார்.

நியூயார்க் வாழ்வும் திருமணமும்

நியூயார்க் நகரில் கையில் பணமின்றி வாழ்ந்த கல்பர்ட்சன், அங்கு ஏல பிரிட்ஜ் கற்பித்து வந்த ஜோசபின் மர்பி தில்லன் என்னும் ஆசிரியையைச் சந்தித்தார். கணவரை இழந்தவரான ஜோசபின், அமைதியும் துல்லியமும் கொண்ட ஆட்டத்தால் ஏற்கெனவே மதிப்புப் பெற்றிருந்தார். இருவரும் 1923ஆம் ஆண்டில் மணந்துகொண்டனர். அவர்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தனர்.

இவ்விருவரும் மேசையில் எதிரெதிரே அமர்ந்து ஆடும் கூட்டாளிகளாகவும் ஆனார்கள். அக்காலத்தில் பெண்கள் உயர்நிலைப் போட்டிகளில் ஆண்களுக்கு இணையாக ஆடுவது அரிது. கணவன் மனைவியாக ஆடிய இந்த இணை புகழ்பெற்றதால், இல்லங்களில் தம்பதியர் மாலை நேரத்தில் மற்றொரு தம்பதியரை அழைத்து பிரிட்ஜ் ஆடும் வழக்கம் அமெரிக்காவில் பெருகியது.

ஆட்டத்தின் பின்னணி

பிரிட்ஜ் ஆட்டம் விஸ்ட் என்னும் பழைய ஆங்கிலச் சீட்டாட்டத்தின் வழிவந்தது. நால்வர் இரு அணிகளாகப் பிரிந்து, 52 சீட்டுகளை ஆளுக்கு 13 வீதம் பகிர்ந்து ஆடுவர். ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டுகள் சேர்ந்தது ஒரு பிடி ஆகும். மொத்தம் 13 பிடிகள். துருப்பு எது, எத்தனை பிடிகள் எடுப்போம் என்பதை ஏலத்தின் மூலம் முடிவு செய்யும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏல பிரிட்ஜ் என்னும் வடிவில் பரவியது. தொலைவான ஊர்களில் பணியாற்றிய ஆங்கிலேய அலுவலர் சிலர் இந்தியாவிலேயே இந்த ஏல முறையை வகுத்தனர் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு. தமிழ்நாட்டில் ஆடப்படும் இருபத்தெட்டு, இலங்கையில் ஆடப்படும் முந்நூற்று நான்கு ஆகிய ஆட்டங்களிலும் கேள்வி கேட்டுத் துருப்பு வைக்கும் முறை இருப்பதால், ஏலத்தின் அடிப்படை தமிழர்க்குப் புதியதன்று.

ஏல பிரிட்ஜில் குறைவாகக் கேட்டு மிகுதியாகப் பிடித்தாலும் முழுப் பயன் கிடைத்தது. பிரான்சில் ஆடப்பட்ட பிளாஃபோன் என்னும் ஆட்டத்தில், கேட்ட அளவே கெலிப்புக்குக் கணக்கில் சேரும் என்ற விதி இருந்தது. அமெரிக்கச் செல்வந்தரான ஹரோல்ட் வான்டர்பில்ட், 1925ஆம் ஆண்டின் இறுதியில் பனாமாக் கால்வாய் வழியான கப்பல் பயணமொன்றில், இவ்விதியோடு புதிய மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து ஒப்பந்தப் பிரிட்ஜை உருவாக்கினார். நியூயார்க்கின் விஸ்ட் கழகம் 1927ஆம் ஆண்டில் இதற்கான சட்டங்களை வெளியிட்டது.

புதிய ஆட்டத்தில் 12 பிடிகளை எடுப்பதாகக் கேட்டு எடுத்தால் சிறு ஸ்லாம். 13 பிடிகளையும் கேட்டு எடுத்தால் பெரு ஸ்லாம். தற்போதைய விதிகளின்படி சிறு ஸ்லாமுக்கு 500 அல்லது 750 மதிப்பெண்களும், பெரு ஸ்லாமுக்கு 1000 அல்லது 1500 மதிப்பெண்களும் மிகுதியாகக் கிடைக்கும். கேளாமல் எடுத்த 12 பிடிகளுக்கு இவ்வூதியம் இல்லை. கேட்டு ஒரு பிடி குறைந்தால் கையில் இருந்த கெலிப்பும் போய்விடும். ஆகவே ஆடுவதற்கு முன்னரே, கூட்டாளியின் சீட்டுகளைப் பாராமலேயே, இரு கைகளின் ஆற்றலையும் அறியவேண்டிய தேவை எழுந்தது. கல்பர்ட்சன் இத்தேவையை மற்றவர்களுக்கு முன்னரே உணர்ந்தார்.

கல்பர்ட்சன் முறை

1929ஆம் ஆண்டு அக்டோபரில் கல்பர்ட்சன் பிரிட்ஜ் வேர்ல்ட் என்னும் மாத இதழைத் தொடங்கினார். அதே மாதத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது. செலவு குறைந்த பொழுதுபோக்கை நாடிய மக்களிடையே பிரிட்ஜ் மிக விரைவாகப் பரவியது. 1930ஆம் ஆண்டில் வெளிவந்த இவருடைய நீல நூல் பெருமளவில் விற்பனையானது. 1936ஆம் ஆண்டில் பொன் நூல் வெளிவந்தது.

கல்பர்ட்சன் முறையின் முதற்கூறு, கையின் மதிப்பைக் கணக்கிடும் அளவை ஆகும். உயர்சீட்டுகளால் விரைவில் எடுக்கக்கூடிய பிடிகளை இவர் மதிப்புப் பிடிகள் என்று எண்ணினார். ஒரு ஏஸ் ஒரு மதிப்புப் பிடி. ஒரே வகையில் ஏசும் ராஜாவும் இருப்பின் இரண்டு. ஏசும் ராணியும் இருப்பின் ஒன்றரை. துணைச்சீட்டோடு கூடிய ராஜா அரை.

இரண்டாவது கூறு, அணுகுமுறைக் கேள்வி. முதலிலேயே உயர்ந்த ஒப்பந்தத்துக்குத் தாவாமல், தாழ்ந்த படியில் தொடங்கி, ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு செய்தியைச் சொல்லி மேலேறுவது இதன் நோக்கம். மூன்றாவது கூறு, கட்டாயக் கேள்வி. சில கேள்விகளுக்குப் பின் கூட்டாளி வாளாவிருக்கக் கூடாது என்பது உடன்பாடு. இவ்வுடன்பாடு இல்லாவிட்டால் கீழே கூறப்படும் ஸ்லாம் உரையாடல் நடைபெற இயலாது.

ஸ்லாம் ஏலமும் குறிப்புக் கேள்வியும்

ஸ்லாம் கேட்போர்க்கு இரண்டு ஐயங்கள் எழும். முதலாவது, 12 பிடிகள் எடுக்கும் ஆற்றல் இரு கைகளிலும் சேர்ந்து உள்ளதா என்பது. இரண்டாவது, அந்த 12 பிடிகளை எடுப்பதற்கு முன் எதிரணியினர் இரண்டு பிடிகளை எடுத்துவிடுவார்களா என்பது. ஆற்றல் நிரம்ப இருந்தும், ஏதேனும் ஒரு வகையில் ஏஸ், ராஜா இரண்டும் எதிரணியிடம் இருந்தால் ஸ்லாம் தோற்கும். குறிப்புக் கேள்வி இந்த இரண்டாவது ஐயத்தைத் தீர்க்கும் கருவி.

தொடக்கத்தில் எதிரணியினர் கேட்ட வகையையே தாமும் கேட்டு, அவ்வகையில் தமக்கு முதற்கட்டுப்பாடு இருப்பதைத் தெரிவிப்பதே குறிப்புக் கேள்வி எனப்பட்டது. எதிரணியின் வகையை ஒருவர் துருப்பாக வைக்க விரும்பமாட்டார் என்பதால், அக்கேள்வி செய்தி மட்டுமே என்பது தெளிவு. பின்னர், துருப்பு முடிவான பிறகு வேறொரு வகையைக் கேட்பதும் இதே பொருளைப் பெற்றது. முதற்கட்டுப்பாடு என்பது அவ்வகையின் ஏஸ் கையில் இருப்பது, அல்லது அவ்வகையில் ஒரு சீட்டும் இல்லாதிருப்பது. இரண்டாம் கட்டுப்பாடு என்பது ராஜா இருப்பது, அல்லது ஒரே சீட்டு இருப்பது.

பின்வரும் எடுத்துக்காட்டு இதன் பயனை விளக்கும். தெற்கில் அமர்ந்தவரின் சீட்டுகள் இவை:

இஸ்பேட்: ஏஸ், ராஜா, ராணி, 7, 5, 2
ஆட்டின்: 8, 3
டைமன்: ஏஸ், ராஜா, 4
கிளாவர்: ராஜா, 6

தெற்கு ஒரு இஸ்பேட் கேட்க, வடக்கு மூன்று இஸ்பேட் என்று உயர்த்துகிறார். கல்பர்ட்சன் முறையில் இது நான்கு துருப்புகளையும் நல்ல கையையும் காட்டும் கட்டாயக் கேள்வி. தெற்குக்கு ஸ்லாம் ஆசை எழுவது இயல்பு. ஆனால் ஆட்டினில் இரண்டு சிறு சீட்டுகளே உள்ளன.

வடக்கின் கை இவ்வாறு இருக்கலாம்: இஸ்பேட் ஜாக், 10, 6, 3, ஆட்டின் ஏஸ், 9, 2, டைமன் 8, 7, கிளாவர் ஏஸ், ராணி, 10, 5. அல்லது இவ்வாறும் இருக்கலாம்: இஸ்பேட் ஜாக், 10, 6, 3, ஆட்டின் ராணி, ஜாக், 2, டைமன் ராணி, ஜாக், கிளாவர் ஏஸ், ராணி, 10, 5.

ஏசுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்னும் பிற்காலக் கணக்கில் முதற்கை 11 புள்ளிகளும் இரண்டாம் கை 13 புள்ளிகளும் பெறும். புள்ளியில் குறைந்த முதற்கையோடு துருப்பில் ஆறு, ஆட்டினில் ஒன்று, டைமனில் இரண்டு, கிளாவரில் மூன்று என 12 பிடிகள் உறுதி. புள்ளியில் மிகுந்த இரண்டாம் கையோடு, எதிரணி முதலில் ஆட்டினை ஆடினால் ஏசும் ராஜாவும் போய் ஸ்லாம் தோற்கும்.

தெற்கு இங்கே நான்கு டைமன் என்று கேட்கிறார். தாழ்ந்த கட்டுப்பாட்டை முதலில் சொல்லவேண்டும் என்பது விதி. நான்கு கிளாவரைத் தாண்டிச் சென்றதால், தம்மிடம் கிளாவர் ஏஸ் இல்லை, டைமன் ஏஸ் உண்டு என்ற இரண்டு செய்திகளை ஒரே கேள்வியில் அவர் தெரிவித்துவிட்டார். முதற்கை கொண்ட வடக்கு நான்கு ஆட்டின் கேட்டுத் தம் ஏசைக் காட்டுவார். தெற்கு அச்சமின்றி மேலே செல்லலாம். இரண்டாம் கை கொண்ட வடக்கு ஆட்டினைக் கேட்க இயலாமல் நான்கு இஸ்பேடுக்குத் திரும்புவார். தெற்கு அங்கேயே நின்றுவிடுவார்.

இதே கைகளில் தெற்கு எத்தனை ஏஸ் என்று மட்டும் வினவியிருந்தால், இரண்டாம் கையின் விடை ஒன்று என்பதாக இருக்கும். நான்கில் மூன்று ஏஸ் உள்ளன, ஒரு பிடிதானே போகும் என்று எண்ணி ஆறு இஸ்பேட் கேட்டுத் தோற்றிருப்பார். எண்ணிக்கை சரியாக இருந்தும் இடம் தெரியாததால் வந்த இழப்பு அது.

பயன்படுத்த வேண்டிய இடங்கள்

குறிப்புக் கேள்வியைப் பயன்படுத்துவதற்கான நிலைமைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

துருப்பு எது என்பதில் இருவரும் உடன்பட்டிருக்க வேண்டும். உடன்பாட்டுக்கு முன் கேட்கப்படும் புதிய வகை, அவ்வகையில் நீளமான சீட்டுகள் இருப்பதையே காட்டும். இதில் குழப்பம் நேர்ந்தால் இரண்டிரண்டு சீட்டுகள் மட்டுமே உள்ள வகை துருப்பாகிவிடும்.

ஸ்லாமுக்கு வேண்டிய ஆற்றல் இருப்பதாக நம்ப இடமிருக்க வேண்டும். துருப்பில்லாச் சிறு ஸ்லாமுக்கு இரு கைகளிலும் சேர்ந்து ஏறத்தாழ 33 புள்ளிகள் வேண்டும் என்பர். மொத்தம் 40 புள்ளிகளில் 33 தம்மிடம் இருந்தால் எதிரணியிடம் 7 மட்டுமே இருக்கும். இரண்டு ஏஸ் இருக்க 8 வேண்டும். துருப்பும் சமனற்ற பகிர்வும் உள்ள கைகளுக்கு இதனினும் குறைவான புள்ளிகள் போதும். அப்போது கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

கேட்பவருக்குத் தேவையானது எண்ணிக்கையன்று, இடம் என்றிருக்க வேண்டும். ஏதேனும் ஒரு வகையில் இரண்டு அல்லது மூன்று சிறு சீட்டுகளே உள்ளபோதும், ஒரு வகையில் சீட்டே இல்லாதபோதும் இந்நிலை ஏற்படும். கிளாவர் ஒன்றும் இல்லாதவருக்குக் கூட்டாளியின் கிளாவர் ஏசால் பயன் சிறிது. ஏஸ்களை எண்ணி மட்டும் கேட்டால் அந்த ஏசும் கணக்கில் சேர்ந்து ஏமாற்றும்.

கெலிப்பு ஒப்பந்தத்துக்குக் கீழே இடமிருக்கும்போது கேட்பது நன்று. நான்கு இஸ்பேடுக்குக் கீழே சொல்லப்படும் குறிப்பால் இழப்பு நேராது. அதைத் தாண்டிச் சொல்பவர், ஐந்தாம் படியில் 11 பிடிகள் எடுக்கும் பொறுப்பையும் ஏற்கிறார்.

தவிர்க்க வேண்டிய இடங்களும் உள. மற்ற வகைகள் அனைத்திலும் கட்டுப்பாடு இருந்து, ஏஸ்களின் எண்ணிக்கை மட்டுமே தெரியவேண்டி இருப்பின் ஏஸ் வினவும் முறையே எளிது. ஸ்லாமுக்கான வாய்ப்பே இல்லாதபோது குறிப்புக் கேள்வி தீமை பயக்கும்; எதிரணியினரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த வகை காட்டப்படவில்லையோ அதையே அவர்கள் முதலில் ஆடுவார்கள். குறிப்பு சொல்லப்பட்ட வகைக்கு இரட்டிப்புக் கேட்டு, அதையே ஆடுமாறு தம் கூட்டாளிக்கு உணர்த்தவும் இயலும்.

நான்கு–ஐந்து முறையும் வினாக் கேள்வியும்

கல்பர்ட்சன் குறிப்புக் கேள்வியோடு வேறு இரண்டு ஸ்லாம் கருவிகளையும் கையாண்டார். அவற்றுள் ஒன்று நான்கு–ஐந்து துருப்பில்லா முறை. இதில் நான்கு துருப்பில்லா என்று கேட்பவர் தம்மிடம் மூன்று ஏஸ், அல்லது இரண்டு ஏசும் முன்பு கேட்ட வகையொன்றின் ராஜாவும் இருப்பதை உறுதி கூறுகிறார். கூட்டாளி தம் கையை அதனோடு ஒப்பிட்டு விடையளிக்கிறார். இதில் இருவரும் செய்தி தருகின்றனர். இருவரும் முடிவில் பங்கு பெறுகின்றனர்.

1933ஆம் ஆண்டில் ஈஸ்லி பிளாக்வுட் என்னும் அமெரிக்கர் வகுத்த முறை இதனினும் எளியது. அதில் நான்கு துருப்பில்லா என்பது எத்தனை ஏஸ் என்னும் வினா மட்டுமே. கற்பதற்கு எளிதாகையால் அது உலகெங்கும் பரவி, கல்பர்ட்சனின் நான்கு–ஐந்து முறையை வழக்கொழியச் செய்தது.

மற்றொன்று 1936ஆம் ஆண்டின் பொன் நூலில் இடம்பெற்ற வினாக் கேள்வி. இதில் புதிய வகையைக் கேட்பவர் தம் கட்டுப்பாட்டைக் காட்டுவதில்லை. அவ்வகையில் கூட்டாளிக்குக் கட்டுப்பாடு உண்டா என்று வினவுகிறார். கட்டுப்பாடு இல்லாதவர் துருப்புக்கே திரும்புவார். நுட்பமானதாயினும் இதன் விடைகள் மனத்தில் நிறுத்துவதற்குக் கடினமானவை. அமெரிக்காவில் இது நிலைபெறவில்லை; ஐரோப்பாவில் சிலர் இதை விரும்பிக் கையாண்டனர். குறிப்புக் கேள்வியோ பெயரிலும் விவரங்களிலும் மாறுதல் பெற்று, இன்றும் உயர்நிலை ஆட்டக்காரர்களால் பயன்படுத்தப்படுகிறது.

நூற்றாண்டின் போர்

1930ஆம் ஆண்டு செப்டம்பரில் கல்பர்ட்சன் தம் அணியுடன் இலண்டன் சென்று வால்டர் புல்லர் என்பவரின் ஆங்கில அணியை எதிர்த்து ஆடினார். அமெரிக்க அணியில் ஜோசபின், தியோடர் லைட்னர், வால்டமார் வான் செட்விட்ஸ் ஆகியோர் இடம்பெற்றனர். ஏலமுறைகள் தேவையற்றவை, இயல்பறிவே போதும் என்பது புல்லரின் நிலைப்பாடு. 200 ஆட்டங்களின் முடிவில் அமெரிக்க அணி 4,845 மதிப்பெண்களால் வென்றது.

கல்பர்ட்சனின் வளர்ச்சியைக் கண்ட பழைய ஆசான்கள் பலர் 1931ஆம் ஆண்டில் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு முறையை வெளியிட்டனர். அவர்கள் சார்பில் சிட்னி லென்ஸ் களமிறங்கினார். தாம் தோற்றால் 5,000 டாலர், லென்ஸ் தோற்றால் 1,000 டாலர், அத்தொகை அறச்செயலுக்குச் சேரும் என்று கல்பர்ட்சன் பந்தயம் வைத்தார். பணத்தைவிடப் பெரியது வேறொன்று பணயமாக இருந்தது. தோற்ற முறையின் நூல்களை வாங்குவோர் இரார். இதழும், பயிற்றுவித்த ஆசிரியர்களின் வேலையும் அதனோடு போயிருக்கும்.

போட்டி 1931 டிசம்பர் 7இல் நியூயார்க்கின் சாத்தம் விடுதியில் தொடங்கி, வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதிக்கு மாறி, 1932 ஜனவரி 8இல் நிறைவுற்றது. 150 ரப்பர்கள், 879 ஆட்டங்கள் ஆடப்பட்டன. நடுவராக இருந்தவர் ஆல்பிரட் குருந்தர் என்னும் இளம் படை அலுவலர். இவர் பின்னாளில் நேட்டோ படைகளின் ஐரோப்பியத் தலைமைத் தளபதி ஆனார். நாளிதழ்கள் நாள்தோறும் முதற்பக்கத்தில் செய்தி வெளியிட்டன. கல்பர்ட்சன் வேண்டுமென்றே காலந்தாழ்த்தி வருவது, நெடுநேரம் சிந்திப்பது ஆகியவற்றால் எதிரணியின் பொறுமையைச் சோதித்தார். லென்சின் கூட்டாளியான ஓஸ்வால்ட் ஜேக்கபி, 103 ரப்பர்களுக்குப் பின் லென்சோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் விலகினார். கல்பர்ட்சனின் பக்கத்தில் பெரும்பகுதியை ஆடிய ஜோசபின், தம் நிதானத்துக்காகப் பாராட்டப்பட்டார்.

முடிவில் கல்பர்ட்சன் 8,980 மதிப்பெண்களால் வென்றார். கிடைத்த சீட்டுகளைக் கணக்கிட்டபோது அவரது அணிக்கு 1,745 ஏஸ்களும், லென்ஸ் அணிக்கு 1,771 ஏஸ்களும் வந்திருந்தன. ஏஸ்களின் வரவு ஏறத்தாழச் சமமாக இருந்தமையால், வெற்றிக்குத் தம் முறையே காரணம் என்று கல்பர்ட்சன் விளம்பரப்படுத்திக்கொண்டார்.

1933ஆம் ஆண்டில் இலண்டனின் செல்ஃப்ரிட்ஜ் பேரங்காடியில் பீஸ்லியின் அணியை 300 ஆட்டங்களில் 10,900 மதிப்பெண்களால் வென்றார். 1935ஆம் ஆண்டில் ஹால் சிம்ஸ், டாரத்தி சிம்ஸ் தம்பதியரைக் கல்பர்ட்சன் தம்பதியர் 150 ரப்பர்களில் 16,130 மதிப்பெண்களால் தோற்கடித்தனர்.

புடாபெஸ்ட் தோல்வியும் மணமுறிவும்

1937ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் கல்பர்ட்சன், ஜோசபின், ஹெலன் சோபல், சார்லஸ் வோகல்ஹோஃபர் ஆகியோரைக் கொண்ட அமெரிக்க அணி பங்கேற்றது. பவுல் ஸ்டெர்ன் தலைமையில் வியன்னா முறையைக் கையாண்ட ஆஸ்திரிய அணி இறுதியாட்டத்தில் அமெரிக்க அணியை வென்றது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டது. யூதரான ஸ்டெர்ன் இலண்டனுக்குத் தப்பிச் சென்றார். வெற்றி பெற்ற அணி சிதறியது.

கல்பர்ட்சன் இதன்பின் பெரிய போட்டிகளில் ஆடுவதைக் கைவிட்டார். 1938ஆம் ஆண்டில் அவரும் ஜோசபினும் மணமுறிவு செய்துகொண்டனர். மேசையில் ஒருவர் குறிப்பை மற்றவர் பிழையின்றி உணர்ந்த இந்த இணை, இல்லத்தில் நெடுங்காலம் பிணக்குற்றிருந்தது. பிரிந்த பின்னும் வணிகத்தில் இருவரும் தொடர்ந்து ஒத்துழைத்தனர். நூல்கள், இதழ், நாளிதழ்ப் பத்திகள், ஆசிரியர் பயிற்சி, பிளாஸ்டிக்கால் ஆன சீட்டுக்கட்டுகள் ஆகியவற்றால் கல்பர்ட்சன் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டியதை ஆடம்பரமாகச் செலவும் செய்தார்.

உலக அமைதித் திட்டம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கல்பர்ட்சனின் கவனம் முழுவதும் அரசியல் பக்கம் திரும்பியது. உலகக் கூட்டாட்சித் திட்டமொன்றை வகுத்து, 1943ஆம் ஆண்டில் முழு அமைதி என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். ஒவ்வொரு வல்லரசின் படைக்கும் குறிப்பிட்ட பங்கு வரையறுக்கப்பட வேண்டும். சிறு நாடுகளின் வீரர்களைக் கொண்ட பன்னாட்டுப் படை எந்த ஒரு வல்லரசும் போர் தொடுக்காமல் தடுக்க வேண்டும் என்பன இத்திட்டத்தின் சாரம். ஐக்கிய நாடுகள் அவை தோன்றிய பின் அதைத் திருத்தி அமைக்கவும் முயன்றார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் ஆதரவளித்தபோதும் திட்டம் நிறைவேறவில்லை. சீட்டாட்டக்காரர் ஒருவர் உலக அரசியல் பேசுவதை ஏளனம் செய்தோரும் இருந்தனர்.

இறுதிக் காலம்

1947ஆம் ஆண்டில் மறுமணம் செய்துகொண்டார். அம்மணமும் 1954இல் முறிந்தது. இதற்கிடையில் சார்லஸ் கோரன் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட புள்ளிக் கணக்கு நூல் பிரிட்ஜ் உலகில் முதலிடம் பெற்றது. கல்பர்ட்சனின் மதிப்புப் பிடிகள் வழக்கிழந்தன. 1955 டிசம்பர் 27இல் வெர்மான்ட் மாநிலத்தின் பிராட்டில்பரோவில் கல்பர்ட்சன் காலமானார். மூன்று மாதங்களுக்குள், 1956 மார்ச்சில் ஜோசபினும் காலமானார்.

மதிப்பீடு

கல்பர்ட்சன் வகுத்த எண்களும் விதிகளும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அணுகுமுறைக் கேள்வி, கட்டாயக் கேள்வி, துருப்பு முடிவான பின் கட்டுப்பாடுகளைப் படிப்படியாகக் காட்டுதல் ஆகிய கருத்துகள் பின்வந்த முறைகள் பலவற்றிலும் இடம்பெற்றுள்ளன. விளம்பர ஆசையும் மிகைப்படுத்தலும் இவருடைய குறைகளாகச் சுட்டப்படுகின்றன. தனியாளாக நின்று ஒரு விளையாட்டை மக்கள் இயக்கமாக மாற்றியவர் என்பதைக் குறை கூறுவோரும் மறுப்பதில்லை. 1964ஆம் ஆண்டில் பிரிட்ஜ் புகழ் மன்றம் தொடங்கப்பட்டபோது, வான்டர்பில்ட், கோரன் ஆகியோருடன் முதல் மூவருள் ஒருவராக இவர் சேர்க்கப்பட்டார். இவர் தொடங்கிய பிரிட்ஜ் வேர்ல்ட் இதழ் இவருடைய மறைவுக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது.

இந்தியாவில்

ஒப்பந்தப் பிரிட்ஜ் இந்திய நகரங்களின் மனமகிழ் மன்றங்களில் ஆங்கிலேயர் காலத்திலேயே வேரூன்றியது. சென்னை முதலிய நகரங்களில் போட்டிகள் நடைபெறுகின்றன. பணம் வைத்து ஆடும் சூதாக அன்றி, அறிவுசார் விளையாட்டாக இதனை ஏற்கவேண்டும் என்பது ஆட்டக்காரர்களின் நெடுநாள் கோரிக்கை. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் ஆகியோர் தங்கப் பதக்கம் வென்றனர். அப்போது பர்தனுக்கு வயது 60, சர்க்காருக்கு வயது 56.